சாக்ஸ் போட்ட ஐந்து பாட்டில்கள்

ஒன்றும் வரவில்லை. மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, வாயை லேசாகத் திறந்து, இவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக இழுக்கிறேன். காற்று வருகிறது, மூக்கு நுனியில் ஒரு சுருக் வருகிறது, அதோடு சரி. ஃபேன் காற்றை முகர்ந்தாலும் இதுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, வடவள்ளியில் என் வீட்டு மாடி ஹால், மேஜையைச் சுற்றி நாலு பேர், ஆளுக்கு ஐந்து கிளாஸ். நடுவில் ஐந்து பாட்டில்கள், என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன முழங்கால் வரைக்குமான வெள்ளைச் சாக்ஸை மாட்டிக்கொண்டு நிற்கின்றன. வடிவம் தெரியாமல் இருக்க உள்ளே நியூஸ் பேப்பர் சுற்றியிருக்கிறது. எனக்கு இடப்பக்கம் மோகனசுந்தரம், நூல் கமிஷன் வியாபாரி, கையில் கால்குலேட்டர். எதிரே ஜெபராஜ் சார், பேங்க் மேனேஜராக ரிட்டயர் ஆனவர், வார்த்தையை எண்ணித்தான் விடுவார். வலப்பக்கம் பிரதாப், முப்பத்தெட்டு வயது, கம்ப்யூட்டர் கம்பெனி, விஸ்கியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் யூடியூபில் தெரிந்தது. அவன் கண்ணை மூடி மூக்கை உள்ளே விட்டு ஆட்டுகிற ஆட்டத்தில், பின்மண்டையைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினால் கிளாஸும் மூக்கும் சேர்ந்தே நொறுங்கும் என்று தோன்றுகிறது. தோன்றிக்கொண்டே இருக்கிறது. நாற்பத்து மூன்று நாளாக எனக்கு வாசனை எதுவும் வருவதில்லை. இந்த மாதிரி எண்ணம்தான் வருகிறது.

மூக்கண்ணன் என்பது இந்தக் கூட்டத்தில் எனக்குப் பெயர். பம்ப் செட்டுக்கு உதிரிபாகம் செய்து விற்கிற சென்னியப்பனை ஊரில் யாருக்குத் தெரியும், ஆனால் இந்த மூன்று பேருக்கும் இவர்கள் சொல்லிக் கேட்ட முப்பது பேருக்கும் மூக்கண்ணன் தெரியும். கிளாஸை மேஜையில் வைத்த இடத்திலிருந்தே இது ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய், இது போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய், இதில் பழைய மரம் அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு வருடத்தில் வரிசை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சட்டமெல்லாம் நான் வைத்ததுதான். எந்த ஐந்து பாட்டில் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எது எந்தக் கிளாஸில் என்று யாருக்கும் தெரியக்கூடாது. நிறம் காட்டிக்கொடுக்கும் என்று கறுப்புக் கிளாஸை வரவழைத்தவன் நான். ஒருத்தர் முகத்தைப் பார்த்து இன்னொருத்தர் எழுதிவிடுவார் என்று, எழுதி முடிக்கும்வரை தலை நிமிரக்கூடாது என்றவனும் நான். குடிக்கிறவர் ஊற்றக்கூடாது, ஊற்றுகிறவர் குடிக்கக்கூடாது, ஆகையால் எவர் வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டு அம்மா உள்ளே வைத்து ஊற்றி, வரிசையைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றதும் நான்தான். வேலியில் போன ஓணானை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் விட்டிருக்கிறேன். இன்று ஊற்றியவள் என் பெண்டாட்டி கலாமணி. சீட்டு அவள் கையில் இருக்கிறது. வரிசையைக் காலையில் என்னிடம் சொல்லியும்விட்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒண்ணு பெங்களூருங்க, ரெண்டு அந்தத் தீவுச் சரக்குங்க, மூணு ஜப்பானு, நாலு கோவா, அஞ்சு திருஷ்டி. ஐந்து பாட்டிலில் ஒன்று எப்போதும் கடையில் வாங்குகிற மலிவுச் சரக்காக இருக்கும், மோகனசுந்தரத்தின் யோசனை அது, விலையுள்ளதற்கு நடுவில் கண் படாமல் இருக்க ஒரு பூசணிக்காய் என்று அதற்குத் திருஷ்டி பாட்டில் என்றே பெயர் வைத்துவிட்டான். திருஷ்டியைப் புகழ்ந்தவன் அடுத்த கூட்டம்வரை தலை காட்ட முடியாது. நேற்று நான்தான் அவளிடம் கேட்டேன். வரிசையைச் சொல்லு என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஆனால் வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது, கடன் கேட்கிறவன் குரல் மாதிரி. இருபத்தாறு வருடத்தில் அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். அவள் சரிங்க என்றாள். ஏன் சரி என்றாள். அதுதான் முள்ளாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு நான் பிடிபட்டால் மூக்கு போனது தெரிந்துவிடும். மூக்கு எப்படிப் போனது என்று கேட்பார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னது, அந்தக் கட்டு, அந்த ஏழு தையல், எல்லாவற்றையும் மறுபடி கேட்பார்கள். ஜெபராஜ் சார் லோன் மனுவைப் படித்தே ஆளை எடைபோட்டவர். அவர் கேட்டால் நூல் பிரிந்துவிடும், பிரிந்தால் ஒரு முனையில் நானும் மறு முனையில் அவளும் நிற்போம். என் மானம் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது, அது என் கையால் அடிவாங்கியவள் கையில் இருக்கிறது.

அடி என்றால் அடிதான், அதற்கு மேல்பூச்சு எதற்கு. கல்யாணமான மூன்றாம் மாசம் முதல் அடி, எதற்கென்று மறந்துவிட்டது. அப்புறம் மறக்காதவை. இடது கைச் சுண்டுவிரல் அவளுக்கு நீளாது, கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன், கிரைண்டரில் மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னேன், சொன்னாள். இப்போதும் தட்டு ஏந்தி வரும்போது அந்த விரல் மட்டும் தனியாக வளைந்து நிற்கும். நான் குடித்துவிட்டு அடித்தவன் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இருபது மில்லி அளந்து ஊற்றி அரைமணி நேரம் முகர்கிறவன் குடிகாரனா. குடிக்காமல்தான் அடித்தேன். தெளிவாக இருக்கும்போதுதான் கை நன்றாகக் குறி பார்க்கும். அன்றைக்கும் தெளிவாகத்தான் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், ஜப்பான் பாட்டிலை முதன்முதலாகத் திறந்து, கறுப்புக் கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனேன், எலுமிச்சை. பாத்திரம் விளக்குகிற சோப்பின் எலுமிச்சை. வெறும் வெந்நீரில் அலசிக் கவிழ்க்க வேண்டும் என்று நூறு தடவை சொன்ன கிளாஸைச் சோப்பில் விளக்கி வைத்திருக்கிறாள். பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சரக்கு, சீர் மாதிரி சுமந்து வந்து பிரதாப் கொடுத்தது, அதற்குள் சமையல்கட்டு நாறுகிறது. கூப்பிட்டேன். வந்தாள். கிளாஸை அவள் மூக்கில் வைத்து அழுத்தி, மோந்து பாருடி என்றேன், அழுத்திய அழுத்தில் அவள் உதடு கிழிந்தது. அப்புறம் கன்னத்தில் ஒன்று, காதில் ஒன்று. மூன்றாவதுக்குக் கை ஓங்கிவிட்டு, என்ன தோன்றியதோ, கிளாஸை அலசலாம் என்று குழாய்ப் பக்கம் திரும்பினேன். முதுகைக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

பாட்டில் உடையவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பின்மண்டையில் முழுசாக இறங்கியும் அந்த ஜப்பான் பாட்டிலில் கீறல்கூட இல்லை. அடிப்பாகம் இரண்டு விரல் தடிமன். பாட்டில் கனமாக இருந்தால் காசு கண்ணாடிக்குப் போய்விட்டது என்று அர்த்தம், சரக்குக்கு மதிப்பெண்ணைக் குறை என்று மோகனசுந்தரத்துக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விழுந்தபோது தரை கன்னத்தில் குளிராக இருந்தது. காதுக்குள் மில் சங்கு ஊதியது. கண்ணைத் திறந்தால் அவள் பாட்டிலைப் பிடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள், உதட்டிலிருந்து ரத்தம் முந்தானையில் சொட்டுகிறது, ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா என்கிறாள். அழவில்லை, நடுங்கவில்லை. பால்காரனிடம் எத்தனை லிட்டர் என்று கேட்கிற குரல். பாட்டிலை எழுந்து அதன் இடத்தில் வைத்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள். கடைசியாக இந்த மூக்கில் ஏறியது அந்த எலுமிச்சைதான். அதற்கப்புறம் மழை பெய்தது, மண் வாசனை இல்லை. மகள் சென்னையிலிருந்து வந்து போனாள், அவள் தலையில் வைத்திருந்த மல்லிகை இல்லை. உள்ளூரில் காட்டினால் பேச்சு பரவும் என்று திருப்பூர் போய் ஒரு காது மூக்கு டாக்டரைப் பார்த்தேன். பின்மண்டையில் அடிபட்டால் மூளை முன்னால் போய்க் குலுங்கும், மூக்கு நரம்பு அறுந்துவிடும் என்றார். திரும்ப வருமா என்றேன். வந்தால் ஒரு வருஷத்துக்குள் வரும், வராவிட்டால் இல்லை என்றார். வழுக்கித்தான் விழுந்தீங்களா என்று வேறு கேட்டார், அந்த ஆளின் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் மண்டையை எடுத்து அவர் மண்டையில் போடலாம் போல இருந்தது. நாற்பத்து மூன்று நாளாக அவளை நான் தொடவில்லை. தலை சுற்றல் இருக்கிறது, அதனால்தான். தலை சுற்றுகிறவன் கையை ஓங்கினால் கீழே விழுவான்.

இரண்டாவது கிளாஸ். இது தீவுச் சரக்காம். தீவுச் சரக்கென்றால் கரி மண்ணை எரித்த புகையில் தானியத்தை உலர்த்திச் செய்வது, மூடியைத் திறந்தால் மாடியெல்லாம் ஆஸ்பத்திரி நாறும், டிஞ்சர், தார், கருவாட்டுக் கூடை. சளி பிடித்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. உறிஞ்சுகிறேன், நாக்கில் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் எரிச்சல். நாக்குக்கு இதோடு உப்பும் புளிப்பும் தவிர வேறென்ன தெரியும், மற்றதெல்லாம் மூக்கு போட்ட பிச்சை. முழங்கை மடிப்பை முகத்தருகே கொண்டுபோய் முகர்கிறேன். இதுவும் நான் பழக்கிய வித்தைதான், ஒரு கிளாஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சொந்தத் தோலை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும், ரீசெட் என்போம். நான் கையைத் தூக்கினதும் மூன்று பேரும் தூக்குகிறார்கள். நாலு ஆம்பிளைகள் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கிறோம், யாராவது பார்த்தால் இழவு வீடு என்று நினைப்பார்கள். ஓரக்கண்ணால் பார்க்கிறேன், பிரதாப் இரண்டாவது கிளாஸைப் பார்த்துச் சிரிக்கிறான். புகையைக் கண்டுகொண்ட சிரிப்பா. இவன் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்தாலும் இப்படித்தான் சிரிப்பான், இவனை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது. பால்கனிக் கதவு திறந்துதான் இருக்கிறது, பிடரியில் கை வைத்துத் தள்ளினால் மூன்றே எட்டு, கீழே என் கார் நிற்கிறது, கார்மேல் விழுவான், அது ஒன்றுதான் யோசனை. "அண்ணா, நாலாவது நெம்ப சாதுவா இருக்குதுங்ணா" என்கிறான் மோகனசுந்தரம் சட்டத்தை மறந்து. "வாயை மூடுங்க மோகன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அவன் கால்குலேட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டான். மதிப்பெண்ணை விலையால் வகுத்து ரூபாய்க்கு எத்தனை சுகம் என்று கண்டுபிடிக்கிறவன் அவன். ரூபாய்க்கு எத்தனை அடி என்று எனக்கு ஒரு கணக்கு ஓடுகிறது.

அவள் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கேயே திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்கிறேன், செக்குமாடு சுற்றுகிற மாதிரி. மூக்கு போனது அந்தத் திருப்பூர் டாக்டரை விட்டால் உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், பால் பொங்கி வழிந்து தீய்ந்து பாத்திரம் கறுத்துப் புகை வந்திருக்கிறது, நான் தலைப்புச் செய்தி படித்துக்கொண்டிருக்கிறேன். ஓடி வந்து அடுப்பை அணைத்தவள் பாத்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மூக்கு போயிருச்சுங்களா என்றாள். அப்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று நானும் நாற்பது நாளாக யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பயம். எனக்குத் தெரியாது அல்லவா. ரசத்தில் பினாயிலை ஊற்றினாலும் கசக்கிறதே என்றுதான் சொல்வேன். சோற்றை முதலில் அவளைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டாள். சிலிண்டரைத் திறந்துவிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாலும் நான் தூங்கிக்கொண்டேதான் இருப்பேன். இதோ இந்த ஐந்து கிளாஸையும் அவள்தான் ஊற்றினாள், இதில் என்ன ஊற்றியிருக்கிறாள். நான் அவள் இடத்தில் இருந்தால் சும்மா இருப்பேனா. வரிசையை மாற்றிச் சொல்லி, நாலு பேர் முன்னால் முட்டாளாக்கி, அதைக் கதவோரம் நின்று பார்ப்பேன். தான் திருடி பிறரை நம்பாள் என்பார்கள். திருடாதவர்கள் சொன்ன பழமொழி அது, திருடினவனுக்குத்தானே தெரியும் நம்பாததில் உள்ள நியாயம்.

ஒன்று மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது. நான் சட்டென்று கையை அசைத்தால், செல்போனை எடுக்கவோ கொசுவை அடிக்கவோதான் இருக்கும், அவள் இரண்டு கையையும் தூக்கி முழங்கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். விசேஷ வீட்டில்கூட அப்படித்தான். என் தங்கச்சி வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் இலைக்கு நடுவில், சாம்பார் வாளிக்காரனைக் கூப்பிட நான் கையைத் தூக்கியதற்கு அவள் அப்படிச் செய்து, பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதுக்குடி கையைத் தூக்கற, அடிக்கவா போறேன் என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அதுவே ஒரு வாடிக்கையாகி, அவள் கை தூக்கும்போதெல்லாம் நாலு பேர் இருந்தால் அதைச் சொல்லிச் சிரிப்பேன். எதுக்குடி கையைத் தூக்கற, அடிக்கவா போறேன். வீட்டுக்கு வந்ததும் அடிப்பேன், நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தியதற்கு. இந்த நாற்பத்து மூன்று நாளில் அவள் கை எழுந்ததா. யோசிக்கிறேன். முந்தாநாள் கரப்பான்பூச்சியை அடிக்கச் செருப்பைத் தூக்கினேன். அவள் சாதம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாவது கிளாஸ். திருஷ்டி என்றாள். ஒரு மிடறு. எரிகிறது, நாக்கு நுனியிலிருந்து தொண்டை வரைக்கும் கோடு கிழித்த மாதிரி. இரண்டாவதை மறுபடி எடுக்கிறேன், இரண்டாவது இவ்வளவு எரியவில்லை. தீவுச் சரக்கு காட்டமானது, தண்ணீர் குறைவாகக் கலந்து அடைக்கிறது, எரியத்தான் வேண்டும். அப்படியானால் ஐந்தாவதுதான் தீவு. இரண்டாவது திருஷ்டி. மாற்றிச் சொல்லியிருக்கிறாள். மலிவுச் சரக்கும் எரியும், ஸ்பிரிட் எரியாமல் என்ன செய்யும், ஆனால் இப்படியா எரியும். இல்லை, மாற்றித்தான் சொல்லியிருக்கிறாள், எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்று இரண்டை மட்டும் மாற்றியிருக்கிறாள், அதுவும் எந்த இரண்டு, தீவும் திருஷ்டியும், தப்பினால் சந்தி சிரிக்கிற இரண்டு. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள் அல்லவா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை அல்லவா. இருடி. இவர்கள் போகட்டும். இவர்கள் படி இறங்கி கேட் சாத்துகிற சத்தம் கேட்கட்டும். தலை சுற்றல் எல்லாம் இன்றைக்கு இல்லை. மிச்சமிருக்கிற ஒன்பது விரலில் எது முதலில் என்று நீயே சொல்லு, கேட்கிறேன். கதவோரம் நிற்கிறாள், தட்டில் வெங்காய பஜ்ஜி, சுண்டுவிரல் தனியாக நிற்கிறது. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லேசாகத் தலையை ஆட்டினாளா. ஆட்டின மாதிரிதான் இருந்தது. பயந்துவிட்டாள், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்துவிட்டாள். இரண்டு, திருஷ்டி. ஐந்து, தீவு. எழுதி அடியில் கோடும் போட்டேன்.

"மூக்கண்ணா, நீங்களே ஆரம்பிங்க" என்றான் மோகனசுந்தரம். ஆரம்பித்தேன். ஒன்றும் மூன்றும் நாலும் அவள் சொன்னபடி, மல்லித் தூள், பழுத்த சப்போட்டா, பச்சை மாங்கொட்டை என்று பழைய ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டேன். இரண்டாவதுக்கு வந்து, இது நம்ம திருஷ்டிதான், சர்க்கரைப் பாகும் ஸ்பிரிட்டும் தவிர உள்ளே சரக்கில்லை, நூற்றுக்கு முப்பது என்றேன். பிரதாப் நிமிர்ந்தான். நிமிரட்டும். ஐந்தாவதைத் தூக்கி மூக்குக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றினேன், என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. கடல், உப்புக் காற்று, எரிந்த கயிறு, பழைய ஆஸ்பத்திரி வராண்டா, கரிப்புகை அடங்கினதும் பின்னால் ஒரு தேன். தொண்ணூற்று மூன்று. இது விலைக்குத் தக்க சரக்கு என்று சொல்லிக் கிளாஸை வைத்தேன். பஜ்ஜி எண்ணெய் காகிதத்தில் ஊறுவதுகூடக் கேட்கும் போல இருந்தது. அப்புறம் மோகனசுந்தரம் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணன் வெளையாடறாருங்க. ஏனுங்கண்ணா, எங்களை ஆழம் பாக்கறீங்ளா?" நானும் சிரித்திருக்கலாம். ஆமாம் விளையாட்டு என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் தப்பியிருப்பேன், வாசல் அகலமாகத் திறந்துதான் இருந்தது. வெளையாட்டென்ன வெளையாட்டு, எழுதியிருக்குது பாருங்க என்று என் சீட்டைத் தூக்கிப் போட்டேன். பிரதாப் இரண்டாவது கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். "அண்ணா, இதுல பொகை தெரியலீங்ளா? ரூமே நாறுதுங்ணா." மரியாதையாகத்தான் சொன்னான். பரிதாபமாகச் சொன்னான். அந்தப் பரிதாபத்தை அவன் பல்லோடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும் போல இருந்தது.

"அக்கா, சீட்டைப் படிங்க" என்றான் மோகனசுந்தரம். கலாமணி தட்டை வைத்துவிட்டு முந்தானை முடிச்சிலிருந்து சீட்டை எடுத்தாள். ஒண்ணு பெங்களூருங்க. ரெண்டு தீவுச் சரக்குங்க. மூணு ஜப்பானு. நாலு கோவா. அஞ்சு திருஷ்டி. காலையில் சொன்ன அதே வரிசை, அதே குரல், ஒரு எழுத்து மாறவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருக்கிறாள், நான் தப்பாக எழுதுவதைப் பார்த்து வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டியிருக்கிறாள், நான்தான். "ஆனைக்கும் அடி சறுக்குமுங்கண்ணா, போச்சாது உடுங்க" என்கிறான் மோகனசுந்தரம். ஜெபராஜ் சார் என் மூக்கையே பார்க்கிறார், மூக்கிலிருந்து அவர் பார்வை மெதுவாகக் காதுக்குப் பின்னால், தையல் போட்ட இடத்துக்குப் போகிறது, முடி இன்னும் சரியாக வளரவில்லை. அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள் என்பதுதான் தாங்க முடியவில்லை. கெடுத்திருந்தால் அடித்திருக்கலாம். இப்போது எதற்கென்று அடிப்பது. மேஜையைக் கவிழ்க்கலாம், இருபது கிளாஸும் நொறுங்கட்டும், பஜ்ஜித் தட்டைச் சுவரில் அடிக்கலாம், நாலு பேருக்கு நடுவில் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து, உண்மையைச் சொல்ல உன்னை யாருடி கேட்டது என்று, நான்தான் கேட்டேன், நான்தான் கேட்டேன், இருந்தாலும். கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஊற்றினவரே சாக்ஸைக் கழற்ற வேண்டும், அதுவும் சட்டம். அவள் ஒன்றாம் பாட்டிலை எடுத்துச் சாக்ஸையும் பேப்பரையும் உருவி வைத்தாள். எல்லோரும் வழக்கம்போல் லேசாகக் கைதட்டினார்கள். இரண்டாவதை உருவினாள். மூன்றாவது என் பக்கமாக நின்றது, அதற்காக மேஜையைச் சுற்றிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். அவள் வளையல் சத்தம் என் வலது காதுக்குப் பின்னால் கேட்டது. என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கியது. சாக்ஸ் பேப்பரோடு தானாக நழுவி என் மடியில் விழுந்தது. இரண்டு விரல் தடிமன் அடிப்பாகம், கீறல்கூட இல்லாதது, என் கண்ணுக்கு நேராக ஏறி, கண்ணைத் தாண்டித் தலைக்கு மேலே போனது.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். நினைப்பதற்குள் என் இரண்டு கையும் எழுந்து தலையைச் சுற்றிக்கொண்டன, கழுத்து தோளுக்குள் போனது, முழங்கை முகத்தை மறைத்தது, முட்டி மேஜையில் இடித்து ஒரு கிளாஸ் உருண்டு விழுந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, என்ன சத்தம் என்று தெரியவில்லை. முழங்கை மடிப்பின் இருட்டுக்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அடி விழவில்லை. இந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், இடது முழங்கை வலதைவிடக் கொஞ்சம் உயர்ந்து, விரல்கள் உச்சந்தலையைக் கவ்வி. இவ்வளவு இருட்டாக இருக்கும் என்று தெரியாது. கையை இறக்க வேண்டும் என்று நினைக்கிறேன், இறங்கவில்லை. "ரீசெட்" என்றேன் முழங்கைக்குள்ளிருந்து. "மூக்கை ரீசெட் பண்றேன்." யாரும் கையைத் தூக்கவில்லை. நான் தூக்கினால் கூடவே தூக்குகிற மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டிலை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது, மெதுவாக வைத்தாள்.

"எதுக்குங்க கையைத் தூக்கறீங்க" என்றாள் கலாமணி, எனக்குப் பின்னாலிருந்து. "அடிக்கவா போறேன்?"

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. மோகனசுந்தரம் கால்குலேட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முழங்கைகளுக்கு இடையில் இருந்த சந்து வழியாக ஜெபராஜ் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் பாட்டிலைவிட்டு இன்னும் எடுக்காத அவள் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"ஏம்மா," என்றார், "அந்த விரல் எப்படிம்மா ஆச்சு?"

கிரைண்டருங்க என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன், அவள் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.